கெட்டியான எண்ணெய்தான் நல்ல எண்ணெயா?



பெங்களூரிலிருந்து ஓசூர், சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில், வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறைகள் பலவற்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு மெக்கானிக் எஞ்சின் ஆயிலில் ஒரு சொட்டு எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார். "தண்ணி மாதிரி இருக்கே! நம்ம ஊர் வெயிலுக்கு இது தாங்காது சார். கெட்டியான ஆயிலா ஊத்திடலாம்" என்பார்.

வண்டி பழைய அம்பாசடராக இருந்தவரை இந்த அறிவுரை பெரும்பாலும் பழுதில்லாதது. ஆனால் இன்று அங்கே நிற்பது ஒரு வோல்க்ஸ்வாகனாகவோ ஸ்கோடாவாகவோ இருந்தால், அதே அறிவுரை எஞ்சினுக்குக் கேடாக முடியலாம். எண்ணெயை விரலால் தேர்ந்தெடுக்கும் காலம் முடிந்துவிட்டது. புத்தகத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போமா?

எண்ணெய் எஞ்சினுக்குள் என்ன வேலை செய்கிறது? 1883-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் வண்டியின் அச்சுத் தாங்கிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். தாங்கியின் உச்சியில் எண்ணெய் விடுவதற்கென ஒரு துளை இருந்தது. அச்சு சுழன்றபோது அந்தத் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரத்துண்டால் அடைத்தார்; அதுவும் நிற்கவில்லை! சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று இடுக்கில் திணிக்கிறது. அதனால் உண்டாகும் அழுத்தமே சுமையைத் தாங்குகிறது என்பது அப்போது புலப்பட்டது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதைக் கணித முறையில் விளக்கினார்.

ஆகவே, உலோகத்தின் மேல் உலோகம் உட்காருவதில்லை. நடுவில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது. இந்தப் படலத்தின் கனத்தை முடிவு செய்வது சுமை, வேகம், எண்ணெயின் பாகுநிலை ஆகியவை. பாகுநிலை குறைந்தால் படலம் கிழியும். மிகுந்தால் எண்ணெய் குறுகிய வழிகளில் விரைந்து செல்லாது. அதைத் தள்ளுவதிலேயே எரிபொருளும் வீணாகும்.

இனி டப்பாவின் மேல் உள்ள எண்களுக்கு வருவோம். அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் சங்கம் 1911-இல் தொடங்கி வைத்த வரிசை இது. '5டபிள்யூ-30' என்பதில் டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். 5 என்பது கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கும், 30 என்பது எஞ்சின் சூடேறிய பின் உள்ள பாகுநிலைக்கும் அடையாளம். இவை வெப்ப அளவுகள் அல்ல. தேர்வு மதிப்பெண்களும் அல்ல. செருப்பின் அளவைப் போன்றவை. 9-ஆம் எண் செருப்பு 7-ஆம் எண் செருப்பைவிடச் சிறந்தது என்று யாராவது சொல்வார்களா?

20 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் பாகுநிலை ஏறத்தாழ 1 சென்டிஸ்டோக். 100 டிகிரியில் '30' எண்ணெய்க்கு இது 9.3 முதல் 12.5 வரை, '40' எண்ணெய்க்கு 12.5 முதல் 16.3 வரை. அதே 5டபிள்யூ-30 எண்ணெய் கடையில் டப்பாவுக்குள் இருக்கும்போது 100 சென்டிஸ்டோக்கைத் தாண்டியிருக்கும்! விரல் சொல்வது விரலின் சூட்டில் உள்ள நிலையை. எஞ்சின் வேலை செய்வதோ 100 டிகிரி அளவில். விரல் பொய் சொல்லவில்லை. ஆனால் நாம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது.

"நம் ஊர் வெயில்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எஞ்சினின் குளிர்நீரை ஏறத்தாழ 90 டிகிரியில் வைத்திருக்கத் தெர்மோஸ்டாட் இருக்கிறது. ஆகவே பெர்லின் ஆனாலும் கிருஷ்ணகிரி ஆனாலும், சூடேறிய எஞ்சினின் எண்ணெய் வெப்பத்தில் நாம் நினைக்கும் அளவு வேறுபாடு இல்லை. கோடையில் பாரத்தோடு மேட்டில் ஏறினால் எண்ணெய் கூடுதலாகச் சூடேறும் என்பது உண்மையே. அதனால்தான் சில கார்களின் கையேட்டில் வெளி வெப்பத்துக்கு ஏற்ற எண்களின் பட்டியல் தரப்படுகிறது. அந்தப் பட்டியலுக்குள் தேர்ந்தெடுக்கலாம். அதைத் தாண்டக் கூடாது.

இன்னொரு செய்தி. ஒரே 5டபிள்யூ-30 என்று எழுதிய இரண்டு டப்பாக்கள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய கார் உற்பத்தியாளர் சங்கமான ஏ.சி.இ.ஏ.வின் விதிப்படி, 150 டிகிரியில் கடும் இழுப்புக்கு உள்ளாகும்போது 'சி3' எண்ணெயின் பாகுநிலை குறைந்தது 3.5 மில்லிபாஸ்கல்-வினாடி இருக்க வேண்டும்; 'சி2' எண்ணெய்க்கு 2.9 போதும். 'சி' வகைகளில் சாம்பல் தரும் பொருள்களும் குறைவு. 2020-இல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு டீசல் கார்களில் கரிப்புகையைப் பிடிக்கும் வடிகட்டி இடம்பெற்றிருக்கிறது. தவறான எண்ணெயின் சாம்பல் அதை நாளடைவில் அடைத்துவிடும். ஆகவே எண்ணோடு இந்தக் குறியீட்டையும் கையேட்டில் உள்ள நிறுவனத்தின் குறியீட்டையும் ஒப்பிட்டே வாங்க வேண்டும். மெல்லிய எண்ணெய்தான் நவீனம் என்று பழைய காருக்கு 0டபிள்யூ-20 ஊற்றுவதும் இதே தவற்றின் மறுபக்கம்தான்.

மெக்கானிக்கைக் குறை கூறி என்ன பயன்? அவருடைய அனுபவம் பெரிது. ஆனால் அவர் கற்ற எஞ்சின் வேறு. கையேடோ ஆங்கிலத்தில், காரின் டப்பாவுக்குள் மூடிக் கிடக்கிறது. எண்ணெய்க்கான அந்த ஒரு பக்கத்தையாவது தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு காரோடும் தர வேண்டும். தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் நம் பகுதியில் கன்னடத்திலும் தரலாம்.

அதுவரை நீங்கள் ஒரு சோதனை செய்யுங்கள். அடியில் சிறு துளையிட்ட தகர டப்பாவில் விளக்கெண்ணெய் நிரப்பி, அது வடியும் நேரத்தைக் கடிகாரத்தில் குறியுங்கள். பிறகு பெரியவர் துணையோடு அதே எண்ணெயை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கி, மீண்டும் குறியுங்கள். இரண்டு எண்களையும் பக்கத்துப் பட்டறை மெக்கானிக் அண்ணனிடம் காட்டுங்கள்.

ஓசூரில் லாரியும் செய்கிறார்கள், இருசக்கர வண்டியும் செய்கிறார்கள், கைக்கடிகாரமும் செய்கிறார்கள். நாளை அந்த எந்திரங்களின் முன் நிற்கப்போகிறவர்கள் உங்களில் பலர். "கெட்டியா, தண்ணியா?" என்று கேட்காமல், "எந்த வெப்பத்தில், எவ்வளவு?" என்று கேட்கப் பழகுங்கள். அந்தக் கேள்வியில்தான் அறிவியல் தொடங்குகிறது.