கோல்ஃபுக்குத் தேவை நிலத்தின் சரிவு, ஏரியின் தண்ணீர் அல்ல

கோல்ஃப் மைதானம் என்றால் கோடையிலும் வாடாத பச்சைப் புல் என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் ஆட்டத்தின் சுவை, எந்தப் பக்கம் அடிப்பது என்று ஆட்டக்காரரை யோசிக்கவைக்கும் நில அமைப்பில்தான் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் உள்ள 17-வது ஹோலைப் பாருங்கள். வலப்பக்கம் ஓட்டல் வளாகத்தின் மூலைக்கு மேலாக முதல் பந்தை அடிக்கத் துணிந்தவருக்கு, அடுத்த அடியில் குழி அமைந்த பரப்பான கிரீன் திறந்து கிடக்கும். இடப்பக்கம் ஒதுங்கியவருக்கு ஆழமான மணல்பள்ளம் குறுக்கே நிற்கும். அதற்கு அஞ்சிக் கூடுதலாக அடித்தால் பந்து பின்னாலுள்ள சாலைக்குப் போய்விடும். கிரீன் எந்தக் கோணத்தில் கிடக்கிறது என்பதே முதல் அடியையும் தீர்மானிக்கிறது. இதில் தண்ணீருக்குப் பங்கே இல்லை.

புல் காய்ந்தால் ஆட்டத்தின் தரம் போய்விடும் என்பார்கள். அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் மைதானம் இதற்குப் பதில் சொல்கிறது. டொனால்டு ராஸ் 1907-இல் வடிவமைத்த அந்த மைதானத்தில் 1930-களின் நடுப்பகுதிவரை கிரீன்களே மணலால் ஆனவை. 2010-11-இல் நடந்த சீரமைப்பில் பல ஏக்கர் புல்லை எடுத்துவிட்டு மணலையும் காட்டுச் செடிகளையும் மீட்டார்கள். நீர்த்தெளிப்பான்களையும் வெகுவாகக் குறைத்தார்கள். அதன் பிறகுதான் 2014-இல் அமெரிக்க ஓப்பன் போட்டி அங்கே நடந்தது. நம் நாட்டிலும் கிரீனுக்குப் பதிலாக எண்ணெய் கலந்த மணல் பரப்பை 'பிரவுன்' என்று அழைத்து ஆடியிருக்கிறார்கள். நம் வெயிலில் கிரீனுக்காவது தண்ணீர் வேண்டாமா என்று கேட்பது நியாயமே. ஆனால் 18 கிரீன்களும் சேர்ந்து ஏறக்குறைய மூன்று ஏக்கர்தான். மைதானமோ 100 ஏக்கரைத் தாண்டும். அந்த மூன்று ஏக்கருக்குச் சுத்திகரித்த கழிவுநீரே போதும்.

இந்தத் தண்ணீர்க் கணக்கு காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு முக்கியம்; அது ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்வது. ஏரியைக் கவனிக்கத் தனி வாரியம் இருந்ததை இம்மாவட்டத்து உத்திரமேரூரிலுள்ள பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்கின்றன. பணக்காரர்களின் ஆட்டம் எப்படி அமைந்தால் நமக்கென்ன என்று இங்குள்ள விவசாயி விட்டுவிட முடியாது. ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயை மண் மூடினாலும் ஆழ்துளைக் கிணறு நிலத்தடி நீரை உறிஞ்சினாலும் முதலில் காய்வது அவர் வயல்தான். ஆகவே, ஏரி நீர்ப்பிடிப்பில் கோல்ஃப் மைதானம் அமைக்க அனுமதி கேட்டு யார் வந்தாலும் அரசு மூன்று நிபந்தனைகள் விதிக்க வேண்டும்: இயற்கைச் சரிவை மாற்றக் கூடாது, கால்வாயைத் தொடக் கூடாது, ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது. திறமையுள்ள வடிவமைப்பாளரால் இவற்றுக்குள்ளேயே நல்ல ஆட்டத்தை அமைக்க முடியும். முடியாதவருக்கு அனுமதி தர வேண்டியதில்லை.