60 ரிங்கிட்டுக்கு ஒரு கணக்கு

மாணவர்களே, கேமரன் மலை, தானா ராத்தாவில் உங்கள் சின்னம்மாவுக்கு ஒரு சிறிய வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு அதை ஓரிரு நாள் வாடகைக்கு விடுகிறார். வீட்டின் படங்களை வாடகைத் தளம் ஒன்றில் ஏற்றியவர் நீங்கள். வரும் செய்திகளுக்குப் பதில் அனுப்புவதும் நீங்கள்தான். சின்னம்மாவுக்குச் செயலி அவ்வளவாகப் பழக்கமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை புதியவர் ஒருவரிடமிருந்து செய்தி வருகிறது. "இந்தத் தளத்துக்கு எதற்கு வீணாகக் கட்டணம்? உங்கள் வாட்சாப் எண்ணைக் கொடுங்கள். நேராக உங்கள் வங்கிக் கணக்கில் பணம் போட்டுவிடுகிறேன். இருவருக்கும் லாபம்தானே?"

சின்னம்மா அடுப்படியிலிருந்து கேட்கிறார். "என்ன சொல்றாங்க? கொடுத்துடலாமா?"

வேண்டாம் என்பதே என் கருத்து. தளத்தின் வழி வந்த முகமறியாதவரைத் தளத்துக்கு வெளியே அழைத்துச் செல்லக் கூடாது. ஆனால் "கூடாது" என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் அது அறிவியல் பக்கம் ஆகாது. எனவே ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இரவுக்கு வாடகை 400 ரிங்கிட் என்போம். தளத்தின் கட்டணம் 15 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 60 ரிங்கிட். நேரடியாக வாங்கினால் அந்த 60 மிச்சம். சரி, வருகிறவர் மோசமானவராக இருந்தால்? தொலைக்காட்சியை உடைத்துவிட்டு, வாடகையும் தராமல் போகலாம். அந்த இழப்பை 1,200 ரிங்கிட் என்போம். 60ஐ 1,200ஆல் வகுத்தால் 20இல் 1 பங்கு, அதாவது 5 விழுக்காடு. இப்படிக் கேட்பவர்களில் 20 பேருக்கு ஒருவருக்கு மேல் மோசமானவர் என்றால், நீண்ட காலத்தில் சின்னம்மாவுக்கு நட்டம். அதற்குக் குறைவு என்றால் லாபம்.

"எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட அப்படி இல்லையே" என்று நீங்கள் சொல்லலாம். இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். வருகிறவர்கள் எல்லாரையும் பற்றி நாம் கேட்கவில்லை. "வெளியே வாருங்கள்" என்று அழைக்கிறவர்களைப் பற்றித்தான் கேட்கிறோம். இரண்டும் வேறு வேறு கூட்டம்.

1,000 விருந்தினர்களை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 10 பேர் மோசமானவர்கள், 990 பேர் நல்லவர்கள். நல்லவர்களில் பத்தில் ஒருவர் பணம் மிச்சப்படுத்த வெளியே அழைப்பார் என்றால் 99 பேர். ஏமாற்ற நினைப்பவருக்குத் தளத்தின் கண்காணிப்பு இடைஞ்சல். ஆகவே அந்த 10 பேரில் 9 பேர் வெளியே அழைப்பார்கள் என்போம். மொத்தம் அழைத்தவர்கள் 108 பேர். அவர்களில் 9 பேர் மோசமானவர்கள். 12 பேருக்கு ஒருவர்! நூற்றுக்கு 1 என்று இருந்த வாய்ப்பு 8 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. நம்முடைய 5 விழுக்காட்டு எல்லையும் தாண்டிப் போய்விட்டது.

பள்ளியில் கெபாராங்காலியான் என்று நீங்கள் படிக்கும் நிகழ்தகவின் ஒரு கிளைதான் இது. தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதி வைத்து, அவர் இறந்த பிறகு 1763இல் வெளியான கட்டுரையிலிருந்து வளர்ந்த கணக்கு. புதிய தகவல் ஒன்று கிடைத்தவுடன் பழைய மதிப்பீட்டை எப்படித் திருத்துவது என்று அது சொல்லித் தருகிறது. இங்கே அந்தப் புதிய தகவல், "வெளியே வாருங்கள்" என்ற அழைப்பு.

மேலே உள்ள எண்கள் எல்லாம் நான் எடுத்துக்கொண்டவை. நீங்கள் வேறு எண்களைப் போட்டுப் பாருங்கள். மோசமானவர்கள் ஆயிரத்தில் ஒருவரே என்றால், கணக்கு சின்னம்மாவுக்குச் சாதகமாகக்கூட வரும். ஆனால் இரண்டு விஷயங்கள் மாறுவதில்லை. ஒன்று, நல்லவர்களைவிட ஏமாற்றுபவர்கள் அதிகம் அழைக்கும் வரை, அழைப்பவர்களிடையே ஆபத்து எப்போதும் கூடுதலாகவே இருக்கும். இரண்டு, லாபம் 60 ரிங்கிட்டோடு நின்றுவிடும், இழப்புக்கு அப்படி எல்லை இல்லை. தளத்தின் விதியை மீறியதற்காகக் கணக்கு மூடப்பட்டால், ஓராண்டு முன்பதிவுகளே போய்விடும்.

அந்த 60 ரிங்கிட்டுக்குத் தளம் என்ன செய்கிறது? 2008இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஏர்பிஎன்பியைப் பாருங்கள். விருந்தினர் கட்டும் பணம் நேராக வீட்டுக்காரரிடம் போவதில்லை. விருந்தினர் வந்து சேர்ந்து ஏறத்தாழ 24 மணி நேரம் கழிந்த பிறகே வீட்டுக்காரருக்கு அனுப்பப்படுகிறது. வீடே இல்லாதவர் பணத்தைச் சுருட்ட முடியாது, பணம் கட்டாதவர் சாவி வாங்க முடியாது. சேதம் ஏற்பட்டால் வீட்டுக்காரர் ஆதாரத்தோடு இழப்பீடு கேட்கலாம். முன்பதிவுக்கு முன் யாராவது தொலைபேசி எண்ணை அனுப்பினால், தளமே அதை மறைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தங்கி முடித்ததும் இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் மதிப்புரை எழுதுகிறார்கள்.

அந்த மதிப்புரைக்கு ஏன் இவ்வளவு பலம்? 1980 வாக்கில் ராபர்ட் ஆக்சல்ராட் என்ற அமெரிக்க அறிஞர் கணினியில் ஒரு போட்டி நடத்தினார். இருவர் ஆடும் ஆட்டம். இருவரும் ஒத்துழைத்தால் இருவருக்கும் நல்ல புள்ளி. ஒருவர் மட்டும் ஏமாற்றினால் அவருக்கு அதைவிட அதிகப் புள்ளி. இருவரும் ஏமாற்றினால் இருவருக்கும் குறைந்த புள்ளிதான். ஒரே ஒரு முறை ஆடினால் ஏமாற்றுவதே லாபம். ஆனால் அதே இருவர் திரும்பத் திரும்ப ஆடினால்? வல்லுநர்கள் அனுப்பிய 14 நிரல்களில், அனட்டோல் ரப்போபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல் வென்றது. முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி கடைசியாகச் செய்ததையே நீயும் செய். அவ்வளவுதான் அதன் உத்தி. 62 நிரல்கள் வந்த இரண்டாம் போட்டியிலும் அதுவே வென்றது.

நேர்மைக்கு ஒரு "நாளை" வேண்டும் என்பது அதிலிருந்து கிடைத்த பாடம். நாளைக்கு மறுபடியும் சந்திப்போம் என்று தெரிந்தால் மனிதர் ஒழுங்காக நடந்துகொள்வார். தானா ராத்தாவுக்கு ஒரு முறை வந்து போகிறவருக்கும் உங்கள் சின்னம்மாவுக்கும் இடையே அப்படி நாளை எதுவும் இல்லை. மதிப்புரை வழியாகத் தளம் ஒரு நாளையை உண்டாக்கித் தருகிறது. இங்கே தவறு செய்தால் அடுத்த ஊரில் வீடு கிடைக்காது. வாட்சாப்புக்குப் போன அந்த நொடியே அந்த நாளை காணாமல் போய்விடுகிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு. "ஒரு பெரிய நிறுவனத்தை மட்டுமே நம்பியிருந்தால், அது கட்டணத்தை ஏற்றினால் என்ன செய்வது? திடீரென்று கணக்கை முடக்கினால்?" சரியான கேள்வி. எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைக்க வேண்டாம். சின்னம்மா தனக்கென்று இன்னொரு வாசலும் வைத்துக்கொள்ளலாம். மாமாவோடு வேலை செய்கிறவர், முன்பு தங்கிய உறவினர் சொல்லி வருகிறவர், வாசலில் உள்ள பலகையைப் பார்த்து அழைக்கிறவர், இவர்களிடம் நேரடியாக முன்பதிவு வாங்குவதில் தவறில்லை. மாமாவின் நண்பர் தொலைக்காட்சியை உடைத்துவிட்டு ஓடினால், திங்கட்கிழமை மாமாவின் முகத்தில் எப்படி விழிப்பார்? அங்கே நாளை ஏற்கெனவே இருக்கிறது. அறிமுகம் இல்லாமல் பலகை பார்த்து வருகிறவருக்கு மட்டும் அந்த நாளையைச் சின்னம்மாதான் உண்டாக்க வேண்டும். அடையாள அட்டையைப் பார்ப்பது, முன்வைப்புத் தொகை வாங்குவது, விதிமுறைகளை எழுதிக் கொடுப்பது, ரசீது தருவது என்று தளம் செய்கிற வேலைகளைத் தானே செய்ய வேண்டும்.

தளத்தில் வந்தவரைத் தன் வாசலுக்குத் திருப்பிவிடுவது மட்டும் வேறு கதை. அப்படிச் செய்வதில்லை என்று விதிமுறைகளுக்கு ஒப்புக்கொண்டுதான் கணக்குத் திறந்தோம். 60 ரிங்கிட்டுக்காக நாம் வாக்கை மீறினால், "விதியை மீறலாம் வாருங்கள்" என்று அழைத்தவர் நம்மிடம் வாக்கைக் காப்பாற்றுவார் என்று எதை வைத்து நம்புவது?

விருந்தினராகப் போகும் வாசகர்களுக்கும் இதே கணக்குதான். சிங்கப்பூரில் தனியார் வீடுகளை 3 மாதத்துக்கும், வீவக வீடுகளை 6 மாதத்துக்கும் குறைவாக வாடகைக்கு விட முடியாது. ஆனால் பாலம் தாண்டி ஜொகூருக்கும் மலாக்காவுக்கும் விடுமுறைக்கு வருகிறீர்கள். மலிவான வீடு என்று முகநூலில் பார்த்து முன்பணம் கட்டி, வந்து பார்த்தால் வேறு யாரோ குடியிருக்கும் வீடாக இருந்தால்? ஏமாற்றுபவர் வீட்டுக்காரராகவும் வேடம் போடலாம்.

வீட்டில் செய்திகளுக்குப் பதில் அனுப்புவது நீங்கள் என்றால், மூன்று பழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். பணம் போட்டதாக வரும் ரசீதுப் படத்தை நம்பாதீர்கள், அதைக் கைப்பேசியிலேயே போலியாகச் செய்ய முடியும். பணம் வந்ததா என்று வங்கிக் கணக்கைத் திறந்து பெரியவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். "தவறிக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பிப் போடுங்கள்" என்று யாராவது அவசரப்படுத்தினால், நின்றுவிடுங்கள். முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்பும் முன், அரச மலேசியக் காவல் படையின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், மலேசியாவில் 997க்கும் சிங்கப்பூரில் 1799க்கும் உடனே அழைக்கச் சொல்லுங்கள்.

இனி அந்த வெள்ளிக்கிழமைச் செய்திக்குப் பதில் எழுதுவோம். "வணக்கம். உங்களை வரவேற்கக் காத்திருக்கிறோம். முன்பதிவைத் தளத்திலேயே செய்துவிடுங்கள்." நல்லவர் என்றால் 60 ரிங்கிட்டுக்காகக் கோபித்துக்கொண்டு போகமாட்டார், பெரும்பாலும் அங்கேயே பதிவு செய்துவிடுவார். பதிலே வராவிட்டால், பேய்ஸின் கணக்குக்கு இன்னொரு புதிய தகவல் கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.