எட்டு குதிரை போதும்டா!

நம்ம காலேஜ் வண்டி ஸ்டாண்டுல ஒரு நாள் காலையில எட்டரை மணிக்கு வந்து நின்னு பாருங்க. கேட்டுக்குப் பக்கத்துல, எல்லார் கண்ணுலயும் படற இடத்துல 200 சிசி, 250 சிசி வண்டிங்க வரிசையா நிக்கும். கடைசியில, வேப்பமரத்துக்கு அடியில, காக்கா எச்சம் விழற இடத்துல ஸ்பிளெண்டர், பிளாட்டினா, எக்ஸ்எல். அங்கதான் நிறுத்தணும்னு யாரும் போர்டு வைக்கல. நாமளே போய் நிறுத்திக்கறோம். முதல் வருஷம் முழுக்க நானும் வெட்கப்பட்டு அங்க நிறுத்தினவன்தான். இப்போ மூணாவது வருஷம். இப்பவும் அங்கதான் நிறுத்தறேன். ஆனா காரணம் வேற. நிழல்!

சின்ன வண்டி ஓட்டறதுதான் சுகம். இதுதான் இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது. "காசு இல்லாதவன் தனக்குத்தானே சொல்லிக்கற சமாதானம்"னு உங்களுக்குத் தோணலாம். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் நினைச்சேன். முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.

என்னோடது அப்பாவோட வண்டி. 2009-ல வாங்கின ஸ்பிளெண்டர். டேங்க் ஸ்டிக்கர் பாதி போயிடுச்சு, சீட் கவர் ரெண்டு தடவை மாத்தியாச்சு. அப்பா ராசிபுரம் பக்கத்துல ஒரு சேகோ ஆலையில கணக்கு எழுதறார். எனக்கு காலேஜ் கிடைச்சதும் வண்டியை என்கிட்ட குடுத்துட்டு அவர் டவுன் பஸ்ஸுக்கு மாறிட்டார். அதுக்கு நான் நன்றி சொன்னேனான்னு கேட்டா, இல்ல. முதல் வருஷம் முடிஞ்ச உடனே, "எனக்கு வேற வண்டி வேணும்"னு கேட்டேன். நான் சொன்ன வண்டி ஆன்-ரோடு விலை ரெண்டு லட்சத்தைத் தொடும்.

அப்பா கோவப்படல. ரெண்டு நாள் கழிச்சு, சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்: "அம்மா சங்கிலியை வெச்சு முன்பணம் கட்டிரலாம் சாமி. மீதிக்கு டியூ போட்டுக்கலாம்."

இந்த இடத்துல நான் மனசு மாறினேன்னு எழுதினா கதை நல்லா இருக்கும். ஆனா உண்மை அது இல்ல. அன்னிக்கு ராத்திரி நான் யோசிச்சது, கறுப்பா ஆரஞ்சான்னு மட்டும்தான்.

முப்பத்தஞ்சாவது வளைவு

அந்த லீவுல நாங்க நாலு பேர், நாலு வண்டியில கொல்லிமலை போனோம். நாமக்கல்ல இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியா காரவள்ளி. அங்க இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஸ்பிளெண்டர் ஏறுமான்னு எல்லாரும் கிண்டல் பண்ணாங்க. எனக்கும் சந்தேகம்தான்.

ஏறிச்சு. ஆனா சும்மா ஏறல, என்கிட்ட வேலை வாங்கிட்டு ஏறிச்சு. வளைவுக்கு முன்னாடியே குதிகாலால மிதிச்சு ரெண்டாவது கியர். ரொம்பச் செங்குத்தா இருந்தா ஒண்ணு. திரும்பினதும் ஆக்ஸிலேட்டரை முழுசா முறுக்கு. இன்ஜின் சத்தம் மாறும்போது மூணு போடலாமா வேணாமான்னு முடிவெடுக்கணும். தப்பா முடிவெடுத்தா வண்டி மூச்சுத் திணறும். பத்து வளைவு தாண்டினப்புறம் எனக்கு அந்தத் தாளம் பிடிபட்டுடுச்சு. இருபதாவது வளைவுல ஹெல்மெட்டுக்குள்ள நான் சிரிச்சிட்டு இருந்தேன்.

முப்பத்தஞ்சாவது வளைவுல ஒரு நண்பன்கூட வண்டியை மாத்திக்கிட்டேன். அவனோடது நான் ஆசைப்பட்ட அதே 200. நல்ல வண்டி, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த மலைப்பாதையில அதோட பலத்துல கால்வாசிகூட என்னால பயன்படுத்த முடியல. கொஞ்சம் முறுக்கினாலே அடுத்த வளைவு முன்னாடி வந்து நிக்குது. அதுக்கும் மேல ஒரு பயம். கீழ போட்டா செலவு யார் தர்றது? மேல வந்து சேர்ற வரைக்கும் நான் ரோட்டைப் பார்த்ததைவிட கண்ணாடியையும் ஃபேரிங்கையும் கவனிச்சதுதான் அதிகம்.

அவன் பத்து நிமிஷம் கழிச்சு செம்மேட்டுல வந்து இறங்கினான். டீ இன்னும் வரல. ஹெல்மெட்டைக் கழட்டினதும் சொன்னான்: "மாப்ள, இதுல ஃபுல்லா முறுக்கலாம்டா!"

அந்த ஒரு வரிதான் விஷயமே. சின்ன வண்டியில, அது தர்ற எல்லாத்தையும் உங்களால வாங்கிக்க முடியும். முழு ஆக்ஸிலேட்டர், எல்லா கியர், எல்லாமே நம்ம ரோட்டுக்குள்ள, நம்ம திறமைக்குள்ள, சட்டத்துக்குள்ள அடங்கும். பெரிய வண்டியில நீங்க டியூ கட்டற பலத்துல முக்கால்வாசி சும்மா உக்காந்துட்டுதான் வரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இன்ஜினியரிங் காலேஜ் பத்திரிகை இல்லையா, கணக்கு இல்லாம எப்படி? வண்டியும் ஆளும் சேர்ந்து 180 கிலோ, இழுவைக் குணகமும் முகப்புப் பரப்பும் பெருக்கி 0.6 சதுர மீட்டர், காற்றின் அடர்த்தி 1.2, டயர் உருளல் குணகம் 0.02னு வெச்சுக்குங்க. மணிக்கு 40 கிலோமீட்டர்ல போக, காற்றுக்கு சுமார் 500 வாட், டயருக்கு 400 வாட். மொத்தம் ஒண்ணேகால் குதிரைத்திறன்கூட வரல! அதே வண்டி 80-ல போகணும்னா காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு, ஏன்னா அது வேகத்தோட மும்மடிக்குத்தான் ஏறும். மொத்தம் ஆறரை குதிரைக்குப் பக்கத்துல வரும். ஸ்பிளெண்டர்ல இருக்கறது ஏறக்குறைய எட்டு. செயின்லயும் கியர்லயும் கொஞ்சம் போயிடும். எங்க அப்பா வண்டி 80-க்கு மேல ஏன் அழுவுதுன்னு இப்போ புரியுதா?

அப்போ ராசிபுரம் கடைவீதியிலயோ சேலம் ஐந்து ரோட்லயோ 40-ல போற நமக்கு 25 குதிரை எதுக்கு? இன்னொண்ணு. வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு. இது நம்ம பிளஸ் டூ இயற்பியல். ஸ்டாண்டுக்கு வந்ததும் மறந்துடறோம்.

கைக்குள்ள அடங்கற இன்ஜின்

ஓட்டறது பாதி சுகம்னா, வெச்சிருக்கறது மீதி. சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 49.5. கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, 97.2 சிசி வரும். இந்தப் படுத்த சிலிண்டர் இன்ஜினோட வம்சம் ஜப்பான்ல 1958-ல வந்த ஹோண்டா சூப்பர் கப் வரைக்கும் போகுது. அந்த சூப்பர் கப் 2017-ல பத்துக் கோடி வண்டியைத் தாண்டிடுச்சு. நம்ம ஊர்ல 1985-ல ஹீரோ ஹோண்டா சிடி 100, 1994-ல ஸ்பிளெண்டர். அதுக்கும் முன்னாடியே, 1980-ல ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வந்தாச்சு. பால்காரர், வாத்தியார், மூட்டை ஏத்தற வியாபாரின்னு தமிழ்நாட்டுல எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் வண்டி இந்தச் சின்ன வண்டிங்கதான்.

எங்க ஊர் மெக்கானிக் அண்ணன் கடையில ரெண்டு சனிக்கிழமை சும்மா உக்காந்திருந்தேன். இன்ஜின் ஆறினப்புறம்தான் டேப்பெட் பார்க்கணும்னு அவர் கைபிடிச்சுச் சொல்லிக்குடுத்தார். வால்வ் டைமிங் படம் எனக்குப் பரீட்சைக்குப் புரிஞ்சது அந்தக் கடையிலதான். இப்போ ஆயில் மாத்தறது, செயின் தளர்வு பார்க்கறது, பிளக் கழட்டி உப்புத்தாள் போடறது எல்லாம் நானே செய்யறேன். ஒரு நாள் மழையில வண்டி நின்னு போச்சு. ஒரு பெட்டிக்கடை ஓரமா நிறுத்தி, பிளக்கைக் கழட்டித் துடைச்சு மாட்டி, உதைச்சேன். மூணாவது உதையில பிடிச்சுது. என் செமஸ்டர் ரிசல்ட்டுக்குக்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்ல.

சரி, குறையே இல்லையா?

இருக்கு. நாலு வழிச்சாலையில லாரி பக்கத்துல கடந்து போனா வண்டி ஆடும். ஓவர்டேக் பண்ணப் பலம் பத்தாது, அதனால நான் பண்றதில்ல. பழைய வண்டியில டிரம் பிரேக்தான். 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல போற வண்டிக்கு ஏபிஎஸ் கட்டாயம், அது உண்மையிலயே நல்ல விஷயம். பின்னாடி ஆளை உக்கார வெச்சு மலை ஏறினா பொறுமை வேணும். தினமும் நெடுஞ்சாலையில ரொம்ப தூரம் போறவங்களுக்கு நான் ஸ்பிளெண்டரைச் சிபாரிசு பண்ண மாட்டேன். ஊர் ஊராச் சுத்தணும்னு உண்மையான வெறி இருக்கறவங்க, சொந்தச் சம்பளத்துல பெரிய வண்டி வாங்கினா நானே வந்து கை தட்டறேன்.

என் சண்டை வேற. ஸ்டாண்டுல முன்வரிசையில நிறுத்தறதுக்காக மட்டும் அப்பாகிட்ட கேக்கறோமே, அதோடதான். நம்மள்ல பல பேர் வண்டியை ஓட்டறதுக்காகக் கேக்கல. மத்தவங்க பார்க்கறதுக்காகக் கேக்கறோம். பார்க்கறவங்க ஒரு வாரம் பார்ப்பாங்க. டியூ மூணு வருஷம் போகும்.

கொல்லிமலையில இருந்து வந்த அன்னிக்கு ராத்திரி, "வண்டி வேணாம்ப்பா, இதுவே போதும்"னு சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துட்டு, "ஏன், நீ கேட்ட கலர் கிடைக்கலயா?"ன்னு கேட்டார். அவருக்கு என் மேல அவ்வளவு நம்பிக்கை! சங்கிலி அம்மா கழுத்துலயே இருக்கு. அது எங்க போகப் பார்த்துச்சுன்னு அம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியுமான்னு எனக்குத் தெரியல. நான் கேக்கவும் இல்ல.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டுல புது வண்டி கேக்கறதுக்கு முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவோட பழைய வண்டியை எடுத்துக் கழுவுங்க. செயினுக்கு ஆயில் விடுங்க, டயர்ல காத்துப் பிடிங்க. ஹெல்மெட் போட்டுக்கிட்டு, பக்கத்துல வளைவு இருக்கற ரோடு எதுவோ அதுக்குப் போங்க. முழுசா முறுக்கிப் பாருங்க. அப்புறமும் பெரிய வண்டிதான் வேணும்னு தோணினா, தாராளமா கேளுங்க.

தோணலைன்னா, வேப்பமரத்தடியில இன்னும் இடம் இருக்கு. காக்காவுக்கு மட்டும் நான் பொறுப்பில்ல.