பெயர்ப்பலகை யார் கையில்?

சென்ற மாதம் மடவார் வளாகத்தில் கூடிய நம் நிர்வாகக் குழுவில் நூல் விலையைக் காட்டிலும் அதிக நேரம் பேசப்பட்டது நம் கணக்குகள் அடங்கிய கம்ப்யூட்டர் மென்பொருளைப் பற்றி. அதை எழுதிக் கொடுத்தவர் ஆண்டுச் சந்தாவை இருமடங்காக்கிவிட்டார். வேறிடம் போகிறோம், பழைய கணக்குகளைத் தாரும் என்று கேட்டால், காகிதத்தில் அச்சிட்டுத் தருவேன், அதற்கு மேல் இயலாது என்கிறார். பேரேடு நம்முடையது, சாவி அவரிடம் இருக்கிறது. அங்கத்தினர்கள் இதைப் பற்றி யோசிக்க வேண்டுமெனக் கருதியே இதனை எழுதுகிறோம்.

மென்பொருள் என்பது கட்டளைகளின் தொகுப்பு. ஜக்கார்டு வைத்து நெய்பவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. துளையிட்ட அட்டைகள் கோக்கப்பட்ட வரிசைப்படி கரையில் பூ விழுகிறது. அட்டைகளை ஒருவர் எடுத்துப் போய்விட்டால், தறி நம்முடையதாயிருந்தும் அந்தப் பூவை நாம் நெய்ய முடியாது. கம்ப்யூட்டர் உலகில் இந்த அட்டைகளை மூல நிரல் என்பர். அதை மறைக்காமல், யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிரதியெடுத்துப் பிறர்க்கும் தரலாம் என்ற அனுமதியோடு வெளியிடுவது திறமூல முறை. அபிப்பிராய பேதம் முற்றினால் முழுத் தொகுப்பையும் பிரதியெடுத்துத் தனியே நடத்தவும் அந்த அனுமதி இடம் தருகிறது. இதனை ஃபோர்க் என்கிறார்கள். கிளை கவையாகப் பிரிவது போல.

பிரியும் உரிமை இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. கூட்டுறவாளர்களுக்கு அது கேட்டுப் பழகிய கதை போலவே தோன்றும்.

பல தேசங்களில் இருந்துகொண்டு ஒரே மென்பொருளை எழுதுவோர், தம் நிரலைச் சேர்த்து வைக்கவும் ஒருவர் திருத்தத்தை மற்றவர் சரிபார்க்கவும் ஒரு பொதுப் பட்டறை வேண்டும். அப்பட்டறையைத் தம் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே அமைத்துக்கொள்ள உதவும் ‘கோக்ஸ்’ என்ற மென்பொருள் 2014-ல் தோன்றியது. உழைத்தவர் பலர், திருத்தங்களைச் சேர்க்கும் அதிகாரமோ ஒருவரிடமே இருந்தது. அவருக்கு நேரமில்லாதபோது மற்றவர்களின் வேலை தேங்கிற்று. 2016-ல் பலர் பிரிந்து ‘கிட்டி’ என்ற பெயரில் தனியே நடத்தலாயினர். (கிட் என்னும் கருவியோடு தேநீரைச் சேர்த்து வைத்த பெயராம், கடையில் தேநீர் அருந்தியபடியே சங்கம் தொடங்கிய நம்மவர்க்கு இது வியப்பாயிராது.) ஆண்டுதோறும் மூவரைத் தேர்ந்தெடுத்துப் பொறுப்பை ஒப்படைப்பது என விதியும் செய்துகொண்டார்கள்.

விதி நல்ல விதிதான். ஆனால் பெயரையும் இணைய முகவரியையும் பதிவு பெற்ற ஓர் அமைப்பின் பேரில் எழுதி வைக்காமல் தனி மனிதர் வசமே விட்டிருந்தார்கள். 2022 அக்டோபரில் வந்த அறிவிப்பொன்றால், அவையிரண்டும் இலாப நோக்குள்ள ஒரு கம்பெனியைச் சேர்ந்துவிட்டன என்று ஏனையோர் அறிந்தனர். முன்கூட்டித் தங்களைக் கேட்கவில்லை என்பதே அவர்கள் குறை. நிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கும், உழைப்பவர்க்குச் சம்பளம் தர வருமானம் வேண்டும் என்பது கம்பெனியின் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை; இலவச உழைப்பை எத்தனை காலம் எதிர்பார்ப்பது? எனினும் பலர் பெயரால் சேர்ந்த மதிப்பை, அந்தப் பலரைக் கேளாமல் கைமாற்றியது முறையாகாது என்பதே நம் அபிப்பிராயம்.

பெயர்களை இலாப நோக்கற்ற அமைப்பிடம் ஒப்படைக்குமாறு பகிரங்கக் கடிதம் எழுதிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 2022 டிசம்பரில் ‘ஃபோர்ஜெயோ’ என இரண்டாம் முறை பிரிந்தார்கள். எஸ்பெராண்டோ மொழியில் கொல்லன் பட்டறை என்று பொருள். இம்முறை பெயரும் முகவரியும் பெர்லினில் 2018-ல் ஏற்பட்ட ‘கோட்பெர்க்’ சங்கத்தின் பேரில் வைக்கப்பட்டன. அது சந்தா செலுத்தும் உறுப்பினர்களும் உறுப்பினர் பேரவையும் கொண்ட பதிவு பெற்ற சங்கம். நிக்கல்சன் 1895-ல் சென்னை அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையின் வழியே ராபைசன் முறை நமக்கு வந்ததும் அந்த ஜெர்மனியிலிருந்துதானே!

பெயரின் அருமையை நம் ஊரும் அறியும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் கிடைத்த புவிசார் குறியீட்டைக் கோரிப் பெற்றது கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம். தனி வியாபாரி ஒருவர் அதை வணிக முத்திரையாகப் பதிந்திருந்தால் மற்றவர்கள் அவரிடம் கைகட்டி நிற்க வேண்டியிருக்கும்.

பிரிவதில் நஷ்டமும் உண்டு. 2024-ல் ஃபோர்ஜெயோ முற்றிலும் தனிப்பாதை என அறிவித்தபின், ஒரு பக்கத் திருத்தம் மறுபக்கத்துக்கு எளிதில் சேராது. ஒரே வேலையை இரு குழுவினர் செய்கிறார்கள். ஒரு சங்கம் இரண்டானால் நூல் கொள்முதலில் இரண்டுக்கும் பேரபலம் குறைவது போல. 2014-ல் ‘நோட்’ என்ற நிரல் மேடையை விட்டுப் பிரிந்தவர்கள், நிர்வாகம் ஒரு பொது அறக்கட்டளைக்கு மாறவே, 2015-ல் திரும்பி வந்து சேர்ந்தார்கள். பிரிய முடியும் என்ற நிலை இருந்ததனால்தான் அந்தச் சமரசமே கைகூடியது.

நம் பயிரிடும் அங்கத்தினர்களுக்கு இது இன்னும் நெருங்கிய விஷயம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் 63,000-ஐ ஒரே பொது மென்பொருளில் சேர்க்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் அங்கீகரித்தது. ஒரே முறைக் கணக்கு வருவதை வரவேற்கிறோம். ஆனால் அத்தனை சங்கங்களின் கடன் கணக்கும் அமரும் மென்பொருளில் எதை மாற்றுவது, எதை விடுவது என்பதில் சங்கங்களுக்கும் வாக்கு இருக்க வேண்டும். அதன் மூல நிரலைச் சங்கங்கள் பார்க்கும் உரிமையும் வேண்டும்.

கைத்தறிப் பக்கத்தில் நாம் செய்யக்கூடியது உடனே இருக்கிறது. புது மென்பொருள் வாங்குவதானால் மூல நிரலின் பிரதி சங்கத்துக்கு வர வேண்டும்; விலகும் நாளில் கணக்குகள் வேறு மென்பொருள் படிக்கும் வடிவில் கிடைக்க வேண்டும்; இணைய முகவரியும் கடவுச்சொற்களும் செயலாளர் பேரிலோ அவர் மருமகன் பேரிலோ இல்லாமல் சங்கத்தின் பேரிலேயே இருக்க வேண்டும். இத்தீர்மானம் அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கப்பட்டுள்ளது. இப்போதைய ஒப்பந்தத்தின் நகல் அலுவலகத்தில் இருக்கிறது. வேலை நாட்களில் அங்கத்தினர் எவரும் வந்து படிக்கலாம்.