குறை விரலில் அல்ல



புனேயை அடுத்த பிம்பிரியில் நம் தென்மாவட்டத்துக் குடும்பம் ஒன்றைச் சந்திக்கச் சென்றிருந்தேன். சுவரில் ஒரு கிட்டார் தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அது 1998ஆம் ஆண்டில் தீபாவளி போனஸில் குடும்பத் தலைவர் வாங்கியது. அவர் தொழிற்சாலையில் ஃபிட்டராயிருந்து ஓய்வு பெற்றவர். "நான் வருஷக்கணக்காய் வாசித்த கருவி, ஐயா. இவன் மூன்று மாதம்கூட வாசிக்கவில்லை. பொறுமை இல்லாத பிள்ளை" என்று மகனைக் குறித்துக் குறைபட்டார். மகனோ மறுமொழி சொல்லாமல் தன் விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கருவியை எடுத்துத் தந்தியை அழுத்தினேன், விரல் நொந்தது. "வீட்டில் எஃகு அளவுகோல் இருக்கிறதா?" என்று கேட்டேன். ஃபிட்டர் வீட்டில் அதற்கா பஞ்சம்! பன்னிரண்டாவது பிரெட்டின்மேல் தடித்த தந்தி 4.5 மி.மீ. உயரத்தில் நின்றது. நல்ல கிட்டாரில் அது 2.5 மி.மீ. அளவில் இருக்கவேண்டும்.

இதற்குக் காரணம் என்ன? ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையோடு கழுத்தை இரவும் பகலும் முன்னோக்கி இழுக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல உடற்பகுதியின் மரம் சற்று வளைந்து, கழுத்தின் சாய்வு மாறிவிடுகிறது. மழைக்கால ஈரமும் கோடை வெப்பமும் அதற்குத் துணை செய்கின்றன. கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்னும் எஃகுத் தண்டைத் திருகினால் கழுத்தின் வளைவு நிமிருமேயன்றி, அது உடலோடு சேரும் கோணம் மாறாது. பிரிட்ஜின்மேல் இருக்கும் சேடில் துண்டைத் தேய்த்துத் தந்தியைத் தாழ்த்தலாம். ஆனால் இந்தக் கருவியில் அது முன்னமே 1 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஆகவே கழுத்தைக் கழற்றிச் சாய்வைத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

பழைய முறையில் கழுத்து புறாவின் வாலைப்போல் விரிந்த மூட்டினால் உடலோடு பசையிட்டு இணைக்கப்படும். பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரிலுள்ள மார்ட்டின் நிறுவனத்தின் கிட்டார்கள் பலவற்றில் இவ்வித மூட்டு உண்டு. கலிபோர்னியாவின் டெய்லர் நிறுவனமோ 1999ஆம் ஆண்டில், போல்ட்டைத் தளர்த்தி எளிதில் கோணத்தைத் திருத்தக்கூடிய புதிய கழுத்தை அறிமுகப்படுத்தியது. நம் பிம்பிரி சகோதரரும் அந்த வழியையே தெரிந்துகொண்டார். அவருக்கு மரவேலை தெரிந்த நண்பர் ஒருவர் உதவினார்.

முதலாவது, உடலின்மேல் ஒட்டியிருந்த விரற்பலகையின் நுனியை இஸ்திரிப் பெட்டியின் சூட்டால் இளக்கி, மெல்லிய தகட்டால் பிரித்தார்கள். பதினைந்தாவது பிரெட்டைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தில் சிறு துளையிட்டு, பிரஷர் குக்கரிலிருந்து குழாய் வழியாய் வந்த நீராவியை மூட்டுக்குள் செலுத்தினார்கள். பசை இளகியதும் கழுத்து கையோடு வந்தது. கையைச் சுடும் வேலை இது, அனுபவமில்லாதவர் துணியலாகாது. எப்பாக்சிப் பசையிட்ட கருவியாயின் நீராவிக்கு எளிதில் இணங்காது.

பின்பு வால்போல் விரிந்த பக்கங்களை அறுத்து நேரான நாக்காக்கினார்கள். உடலிலுள்ள குழியில் மரத்துண்டுகளை ஒட்டி, நாக்குக்கு ஏற்றபடி இறுக்கமாய்ச் செதுக்கினார்கள். நாக்கின் முனையில் மரநார் நேராய் ஓடுவதால் அங்கே திருகு உறுதியாய்ப் பிடிக்காது. எனவே தகப்பனார் 10 மி.மீ. பித்தளைத் தண்டிலிருந்து இரண்டு உருளை நட்டுகளைக் கடைந்து, நாக்கின் குறுக்கே பொருத்தினார். உடலின் உட்புறத்திலிருந்து வாஷரோடு இரண்டு போல்ட்டுகள் அவற்றைப் பிடித்துக்கொண்டன. ஒலித்துளை வழியாய் ஆலன் கீயை நுழைத்தால் போதும், எப்போதும் கழற்றலாம்.

சாய்வைத் திருத்த எவ்வளவு மரத்தைக் களையவேண்டும்? தந்தி பன்னிரண்டாவது பிரெட்டில் 2 மி.மீ. தாழ, பிரிட்ஜில் 4 மி.மீ. திருத்தம் வேண்டும். சேடில் 1 மி.மீ.லிருந்து 3 மி.மீ. ஆக உயர மேலும் 2 மி.மீ.; ஆகக் கூட்டுத்தொகை 6 மி.மீ. மூட்டிலிருந்து சேடில் வரை 287 மி.மீ.; குதிகாலின் உயரம் 95 மி.மீ. இந்த விகிதப்படி குதிகாலின் அடியில் களையவேண்டியது 2 மி.மீ. மாத்திரமே. மேலே போகப்போக அதுவும் குறைந்து, விரற்பலகையருகே ஒன்றுமில்லாமற்போகும். இந்தச் சிறிய அளவுதான் ஒரு பிள்ளையைக் கருவியை விட்டு அகற்றியிருந்தது.

எல்லாக் கிட்டாருக்கும் இது தகாது. அரிய பழங்கருவியின் மூட்டை அறுத்தால் அதன் விலை குறையும். அவற்றை முன்னிருந்தபடியே பசையிட்டுத் திருத்துவதே நலம். சாதாரணக் கருவிக்கோ இது மறுவாழ்வு.

தந்தி பூட்டிய அன்று மகன் மெல்ல மீட்டினான். தகப்பனார் சிறிது நேரம் மௌனமாயிருந்து, "தம்பி, குறை உன் விரலில் இல்லை. நான்தான் அளந்து பார்க்காமல் பேசிவிட்டேன்" என்றார். மகன் பதிலுக்கு, "அப்பா, நீங்க ஒரு தடவை வாசிங்க" என்று கிட்டாரை அவர் கையில் கொடுத்தான்.

அருமையான பெற்றோரே, போல்ட்டால் இணைந்த கழுத்து தளர்ந்த கழுத்தல்ல. அதே 70 கிலோ இழுவையை அதுவும் தாங்குகிறது. ஆயினும் கோணம் மாறும்போது திருத்திக்கொள்ள அதில் இடமுண்டு. சொந்த ஊரை விட்டு நகரத்தில் பாரம் சுமக்கிற நம் வீடுகளிலும் நாளடைவில் சாய்வுகள் மாறத்தான் செய்யும். பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் ஒருமுறை அளவுகோலை எடுப்போம். நம் வார்த்தையும் திருத்தத்துக்கு இடங்கொடுப்பதாக.