வெயிலைப் பிடித்துவைக்கும் வீடு

காளையார்கோவிலில் பசுமைக்குடில் போட்டால் ஸ்ட்ராபெரி வருமா? நியாயமான கேள்விதான். ஊட்டியில் வருகிறது, கொடைக்கானலில் வருகிறது. அந்தக் குளிரைக் குடிலுக்குள் கொண்டுவந்துவிட்டால் போதாதா என்று தோன்றும். குழப்பமே இங்கேதான். பசுமைக்குடில் குளிரைத் தரும் வீடு அல்ல. நெதர்லாந்து போன்ற குளிர்நாடுகளில் வெயிலின் சூட்டைப் பிடித்துவைக்கக் கட்டியது அது. கூரை வழியே வெயில் உள்ளே இறங்கும். மண்ணும் செடியும் சூடாகும். சூடேறிய காற்று வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும். மே மாதத்தில் பூட்டிக் கிடந்த காரின் கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்குமே, அதுதான் இதுவும்.

ஸ்ட்ராபெரிக்குப் பகலில் 20 முதல் 25 டிகிரி, இரவில் 10 முதல் 15 டிகிரி வேண்டும். பகல் குறுகி இரவு குளிர்ந்தால்தான் பெரும்பாலான ரகங்கள் மொட்டுக் கட்டும். நம் பக்கம் மார்கழி இரவுகூடப் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. பகல் வெயிலை எல்லாரும் யோசிக்கிறோம். செடியைக் கெடுப்பது இந்த இரவுதான்.

காற்றாடியும் ஈர அட்டையும் வைத்த குடில் இருக்கிறதே என்பீர்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே முறை அது. கோடையில் 39 டிகிரி 30 பக்கம் இறங்கலாம். அதற்குமேல் இறங்க விடாமல் காற்றின் ஈரம் தடுத்துவிடும். மிச்சக் குளிருக்கு ஏசிதான் வழி. அந்த மின்கட்டணத்தைப் பழத்தின் விலையில் எடுக்க முடியாது.

இன்னொன்று. ஒரு பழத்தை விரலில் பிடித்து உற்றுப் பாருங்கள். விதை என்று நாம் நினைக்கும் ஒவ்வொரு புள்ளியும்தான் தாவரவியல்படி கனி. சிவந்த சதை, பூவின் அடிப்பாகம் பருத்தது. எந்தப் புள்ளிக்கு மகரந்தம் சேரவில்லையோ அந்த இடத்தில் சதை பிடிக்காமல் பழம் கோணிப்போகும். பூச்சி நுழையாத குடிலில் தேனீப் பெட்டியும் வைத்தாக வேண்டும்.

நாட்டில் பெரும்பகுதி ஸ்ட்ராபெரி விளையும் மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வரில் பெரும்பாலும் திறந்தவெளியில்தான் பாத்தி கட்டி நடுகிறார்கள். 1,300 மீட்டருக்கு மேற்பட்ட மலை உயரம் அங்கே குளிரைக் காசில்லாமல் தருகிறது.

குடிலே வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் வெயிலுக்கு நிழல்வலைக்குடில் பொருந்தும். கீரை, கொத்தமல்லி, காய்கறி நாற்று எல்லாம் அதில் நன்றாக வரும். மானியம் உண்டு என்பதற்காகப் பாலித்தீன் குடிலில் இறங்கிவிடாதீர்கள். மானியம் போக மீதி உங்கள் பணம். ஆசை விடவில்லையென்றால், மழை ஓய்ந்ததும் பத்துக் கன்றுகளைத் தொட்டியில் வையுங்கள். பக்கத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, மாசி வரை தினமும் விடியற்காலையில் பார்த்துக் குறித்துவாருங்கள். அந்த நோட்டோடு குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு, அதன்பிறகு குடிலுக்குக் குழி தோண்டுங்கள்.