காதில்லாத விமர்சனம்

2024 ஜூலையில் ஊட்டி ரேஸ் கோர்ஸை அரசு கையகப்படுத்தியபோது நம் இலக்கிய நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி புலம்பிற்று. மலைச்சரிவு, பச்சைப் புல், ஜாக்கிகளின் வண்ணச் சட்டைகள், தாழ இறங்கும் மேகம் என்று, ஏதோ நீர்வண்ண ஓவியம் ஒன்று கிழிந்துவிட்டதைப்போல. மற்றக் கட்சி கைதட்டிற்று: துரைமார் மிச்சம், குடியைக் கெடுத்த சூதாட்டம், ஒழிந்தது நல்லது. இரு கட்சியாரும் பேசியது கண்ணுக்குத் தெரிந்த ரேஸ் கோர்ஸைப் பற்றி. அந்த ஊரில் காதுக்கு மட்டும் தெரிந்த ரேஸ் கோர்ஸ் ஒன்றும் இருந்தது. டிக்கெட் வாங்காத ஜனங்களுக்கு அதுதான் ரேஸ். அதைப் பற்றி எழுத நம்மில் எவருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தோடுதான் எனக்குச் சண்டை.

நிலத்தைப் பற்றிச் சண்டை இல்லை. சல்லிவன் 1820களில் கட்டிய ஏரியின் ஒரு பகுதி தூர்ந்தும் தூர்க்கப்பட்டும் கிடைத்த சமதளம் அது. 52 ஏக்கருக்குச் சற்று மேல். மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் குத்தகை 1978லேயே முடிந்து போயிற்று. பாக்கி 822 கோடி ரூபாய் என்று அரசு கணக்குச் சொன்னது. அதற்கும் முன்னால், 1974ல், பந்தயத்தையே ஒழிக்கச் சட்டம் வந்து, கோர்ட்டுகளில் இருபது வருஷத்துக்கு மேல் கிடந்து, கடைசியில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் சூதல்ல, திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. யாருடைய திறமை, குதிரையுடையதா, ஜாக்கியுடையதா, பணம் கட்டுகிறவனுடையதா என்ற ஆராய்ச்சியில் நான் இறங்கவில்லை. அங்கே இன்னொருவனுடைய திறமையும் இருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டத்தைச் சொன்னவன் அவன். நீதிபதிகள் அவனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாததில் ஆச்சரியமில்லை. விமர்சகர்கள் எடுத்துக்கொள்ளாததுதான் ஆச்சரியம்.

ஊட்டிக்குப் போனவர்களுக்கு இடம் தெரியும். மைதானம் ஊரின் அடிக்கிண்ணத்தில் கிடக்கிறது. சுற்றி ரோடுகள், மேலே சரிவில் வீடுகள், பக்கத்திலேயே பஸ் ஸ்டாண்ட். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை சீஸனாக இருந்தது. நீலகிரி டெர்பி நடந்த நாளில் உள்ளே இருந்தவர்கள் ஒரு சிறு கூட்டம். வெளியே நின்றவர்கள் போர்ட்டர்கள், டாக்ஸிக்காரர்கள், காரட் மூட்டை ஏற்றுகிறவர்கள், எஸ்டேட்டிலிருந்து சந்தைக்கு வந்தவர்கள். ஒலிபெருக்கியில் வந்தது ஆங்கிலம். ஆங்கிலம் தெரியாதவனுக்கு என்ன புரிந்திருக்கும் என்று கேட்பவர், பந்தய வர்ணனையை ஒருமுறைகூடக் காதுகொடுத்துக் கேட்காதவர். அதில் இலக்கணத்தின் வேலை மிகக் குறைவு. முதலில் சொல்லப்படும் பெயர் முதலில் ஓடும் குதிரை. இரண்டாவது பெயர் இரண்டாவது. கடைசிவரை சொல்லி முடித்துக் குரல் மறுபடியும் தலைக்குத் திரும்புகிறது. போன சுற்றில் நான்காவதாகக் கேட்ட பெயர் இந்தச் சுற்றில் இரண்டாவதாகக் கேட்டால், நடுவில் என்ன நடந்தது என்பதை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. பெயர்களின் வரிசையே ஓட்டம். சுருதி ஏறினால் முடிவு நெருங்குகிறது. மேகம் இறங்கி எதிர்ப்பக்கத் தடத்தை மூடிவிட்டால் உள்ளே ஸ்டாண்டில் டை கட்டி உட்கார்ந்திருப்பவனும் வேலிக்கு வெளியே மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிற்பவனும் ஒரே நிலைதான். இருவருக்கும் காது ஒன்றே கதி.

கேட்பது பார்ப்பதற்கு ஏழை மாற்று என்பது நம்மில் ஊறிப்போன அபிப்பிராயம். கேள்வி என்று ஓர் அதிகாரமே குறளில் வைத்திருக்கும் மொழியில் இந்த அபிப்பிராயம் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? பார்க்க முடியாதவன் கேட்கிறான், படம் வந்துவிட்டால் கேட்பதை விட்டுவிடுவான் என்கிறார்கள். சரி, பார்க்கிறவன் எதைப் பார்க்கிறான்? அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் ஓட்டத்தளம் இரண்டரை மைல் சுற்று. மைதானத்தின் எந்த இருக்கையிலிருந்தும் பந்தயம் முழுவதையும் காண முடியாது. கார்கள் ஒரு திருப்பத்தில் வந்து மறு திருப்பத்தில் மறைந்துபோகும். 1952 முதல் அந்தப் பந்தயத்துக்கென்றே இயங்கும் வானொலி அமைப்பு ஒன்று உண்டு. திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு வர்ணனையாளர் நின்று, தன் கண்ணெல்லை தாண்டியதும் அடுத்தவரிடம் ஓட்டத்தை ஒப்படைப்பார். ஆக, முழுப் பந்தயம் உலகில் எங்காவது இருந்தது என்றால் அந்தக் குரல் வரிசையில்தான் இருந்தது. டிக்கெட் விற்பனை கெட்டுவிடும் என்று அந்த நகரத்துக்குள் மட்டும் நேரடித் தொலைக்காட்சியைப் பல பத்தாண்டுகள் தடுத்து வைத்திருந்தார்கள். நூறாவது பந்தயமான 2016ல்தான் தடை தளர்ந்தது. அதுவரை அவ்வூர்வாசிகள் வீட்டு வாசலில் ரேடியோவை வைத்துக்கொண்டு, நிஜ எஞ்சின் இரைச்சல் காற்றில் மிதந்து வர, கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊட்டி பஸ் ஸ்டாண்ட் ஆசாமிகளுக்கு அவர்கள் பங்காளிகள்.

அங்கே இன்னொரு ஜாதிப் பந்தயமும் உண்டு. அயோவா மாநிலத்து நாக்ஸ்வில் போன்ற சிற்றூர்களில், அரை மைல் களிமண் தடத்தில், ராத்திரி விளக்கில் ஓடுவது. மாலையில் ஈரமாக இருக்கும் மண் ஓட ஓட வறண்டு வழுக்கும். வேகமான வழி உள்ளோரத்திலிருந்து மெல்ல வெளிவிளிம்புக்கு நகரும். இணையத்தில் வீடியோ பரவுவதற்கு முன்னால், வெறும் ஒலியாக மட்டும் இந்தப் பந்தயங்களை ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து கேட்டுப் பழகிய ஒரு கூட்டம் உருவாயிற்று. அறிவிப்பாளன் சொல்லாமலே, எஞ்சினைத் தளர்த்துகிற, மறுபடி முடுக்குகிற சத்தத்திலிருந்து மண் எந்த நிலையில் இருக்கிறது என்று ஊகிக்கிற காது அவர்களுடையது. (அந்த ‘நேரடி’ ஒலியும் சில வினாடி பிந்தி வந்ததுதான். நேரடி என்பது எங்குமே கொஞ்சம் பிந்தியதுதான்.) வீடியோ வந்த பிறகு அவர்கள் கூடுதலாகப் பெற்றது என்ன என்பது எனக்குத் தெரியும், இழந்தது என்ன என்று கேட்கிறவர்கள்தான் குறைவு.

குரல் பொய் சொல்லும் என்பீர்கள். சொல்லும். பிற்பாடு ஜனாதிபதியான ரீகன் 1930களில் இதே அயோவாவில் வானொலி அறிவிப்பாளர். சிக்காகோ பேஸ்பால் ஆட்டத்தை நேரில் பார்க்காமல் தந்திக் குறிப்பை வைத்துக்கொண்டு வர்ணிப்பார். தந்தி அறுந்த ஒரு நாள், ஆட்டக்காரனைப் பந்தை வெளியே வெளியே தட்டவைத்து நேரத்தைப் போக்கிய கதையை அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். படம் பொய் சொல்லாது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருந்தால் அவர்களிடம் நான் வாதாடத் தயாரில்லை.

உண்மையில் இந்தக் குரலுக்கு என்ன சாத்தியம் என்று தெரிய வேண்டுமானால் 1964 மே 30க்குப் போக வேண்டும். இண்டியானாபொலிஸ் பந்தயத்தின் இரண்டாவது சுற்றிலேயே பெரும் தீ விபத்து. எட்டி ஸாக்ஸ், டேவ் மக்டொனால்ட் இருவரும் செத்துப்போனார்கள். ஸாக்ஸின் மரணச் செய்தி வந்ததும், தலைமை வர்ணனையாளர் ஸிட் காலின்ஸ் கையில் ஒரு குறிப்பும் இல்லாமல், அந்த நிமிஷத்தில், ஓர் இரங்கலுரையைப் பேசினார். பிறகு அதன் பிரதி கேட்டுக் கடிதங்கள் வந்து குவிந்தன. புறநானூற்றில் கையறுநிலை என்று துறை வகுத்து வைத்திருக்கிறோம். இறந்துபோனவனைப் பற்றி இரங்கிச் சொல்வது. துறையின் பெயர் நம்மிடம் இருக்கிறது. காரியம் கார்ப் பந்தயத்தில் நடக்கிறது.

இங்கேதான் நம் விமர்சனத்தின் இரட்டை வேஷம். கைலாசபதி 1968ல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில், மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் யூகோஸ்லாவியப் பாடகர்களிடம் கண்ட வாய்மொழி ஆக்க முறையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திக் காட்டினார். ஆமென்றும் இல்லையென்றும் சண்டை போட்டோம். பாணன் எழுதிவைத்துப் படிக்கவில்லை, ஆயத்தமாகக் கைவசம் இருக்கும் தொடர்களைக் கோத்து நின்ற நிலையில் கட்டினான் என்பதை இரண்டாயிரம் வருஷத்துக்கு அப்பாலிருந்து ரசிக்க நமக்குத் தயக்கமில்லை. அதே காரியத்தை ஒருவன் இன்றைக்கு ஒலிபெருக்கியில் செய்தால் அது வாயாடித்தனம். நியூஸிலாந்து மொழியியலாளர் கூன்ராட் கைப்பர் பந்தய வர்ணனையாளர்களையும் ஏலம் விடுகிறவர்களையும் பல வருஷம் ஆராய்ந்து 1996ல் ஒரு புத்தகமே எழுதினார். பந்தயக்காரனிடம் வாய்பாடுகள் உண்டு. பெயருக்கான காலி இடம் அவற்றில் உண்டு. திணறலோ இழுவையோ இல்லாத ஒற்றைச் சுருதி உண்டு, ஓட்டம் முற்ற முற்ற அது படிப்படியாக ஏறும் என்றார். ஹோமரைப் படித்த அதே கருவிகள்.

நீலகிரியில் அவர் ஆராய்ந்த இரண்டு தொழில்களும் இருந்தன. ஊட்டியில் ரேஸ், குன்னூரில் தேயிலை ஏலம். ஏலக்கூடத்தில் வாயால் கேட்ட விலையெல்லாம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கணினிக்குள் போய், இப்போது லாட் லாட்டாக மௌனமாக விற்பனையாகிறது. மூன்றாவதாக ஒன்றும் அதே மலையில் உண்டு. எமனோ 1935 முதல் 1938 வரை நீலகிரியில் தங்கித் தோடர் பாட்டுகளைக் கேட்டு எழுதினார்; 1971ல் அவை பெரிய நூலாக வந்தன. மூன்று மூன்று அசையாகச் சொற்கூறுகள், இணை இணையாக; எருமைக்கும் சாவுக்கும் மட்டுமல்ல, ஊரில் நேர்ந்த எதற்கும் உடனே பாட்டுக் கட்டும் திறமை அவர்களிடம் பொதுச் சொத்தாக இருந்தது என்று கண்டார். மேல்நாட்டுக் கல்விக்கூடங்கள் தேடி அலைந்த விஷயம் ஒரே மலையில் மூன்று வடிவத்தில் இருந்திருக்கிறது. அப்போது நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? படிமம் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம். எழுத்துப் பத்திரிகை காலத்திலிருந்து புதுக்கவிதைக்கு நாம் கண்ட பெரிய அளவுகோல் கண்ணின் அளவுகோல். யாப்பை உதறியதோடு காதையும் சேர்த்து உதறிவிட்டோம். ஒரு கவிதை நன்றாக இருக்கிறது என்றால் அதில் ஒன்று தெரிய வேண்டும். கேட்க வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால் அந்தப் பத்திரிகையை நடத்திய செல்லப்பாவுக்குக் காது இருந்தது. வாடிவாசலை எடுத்துப் பாருங்கள். காளைகளைப் பற்றி நாம் அறிந்துகொள்வது பெரும்பாலும் வாடி ஓரத்தில் நிற்கும் கிழவன் வாயிலாக. இது யார் வீட்டு மாடு, எப்படிப் பாயும், எவனை என்ன செய்தது என்று அவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான்; பிச்சியோடு நாமும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஒரு நேர்முக வர்ணனையாளனை நாவலின் நடுவில் நிறுத்தியிருக்கிறார். இதைச் சிலாகித்து எழுதியவர்கள் என் கண்ணில் படவில்லை.

தமிழில் இது முடியாது, வினைச்சொல் கடைசியில் வருகிற பாஷை, வாக்கியம் முடிவதற்குள் குதிரை கொட்டிலுக்குப் போய்விடும் என்று ஒரு கெட்டிக்காரத்தனமான வாதம் உண்டு. இந்த வாதத்தைச் செய்பவர் எழுத்துத் தமிழைத் தவிர வேறு தமிழ் அறியாதவர். “நீலச் சட்டை அணிந்த ஜாக்கி செலுத்தும் குதிரை மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்திற்கு முன்னேறுகிறது” என்று சொல்லப் போனால் உண்மையில் முடியாதுதான். “வந்துருச்சு நீலச்சட்டை, மூணுலருந்து ரெண்டு, ஒட்டிருச்சு வேலிய” என்றால் என்ன குறை? பேச்சில் நாம் வினையை முன்னால் போட்டு மற்றதைப் பின்னால் தொங்கவிடுவது தினசரிக் காரியம். ஆல் இந்தியா ரேடியோவில் கூத்தபிரான், ராமமூர்த்தி, அப்துல் ஜப்பார் ஆகியோர் கிரிக்கெட்டைத் தமிழில் சொன்னபோது இந்தச் சிக்கலைத் தீர்த்துக் காட்டினார்கள். வந்தார், வீசினார், அடித்தார் என்று குட்டி வாக்கியங்களாக உடைத்து, ஒவ்வொன்றையும் பந்தின் ஒரு கணத்துக்கு ஒதுக்கினார்கள். அவர்கள் புழங்கிய சில சொற்கள் அகராதி வாடை அடித்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழ் உரைநடை அதற்கு முன் இப்படி ஓடியதில்லை. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்து, 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் வந்து குடியேறிய தோட்டத் தொழிலாளர்களிடம் இதைச் சொன்னால் புரியும். நல்ல குரலுக்கும் மோசமான குரலுக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குத் தெரியும்.

ரேடியோவையும் விடுங்கள். கொங்கு நாட்டில் மண்தடப் பந்தயம் என்றால் ரேக்ளா. 200 மீட்டர், 300 மீட்டர், வினாடிக் கணக்கு. மைக்கில் இருப்பவன் ஊர்ப் பெயர், வண்டிக்காரர் பெயர், நேரம் மூன்றையும் ஒரு மூச்சில் சொல்லி, மூச்சு வாங்குவதற்குள் அடுத்த வண்டியை அழைத்தாக வேண்டும். அலங்காநல்லூரில் அவகாசம் அதைவிடக் குறைவு. வாடி திறந்து மாடு பாய்ந்து மறைகிற சில வினாடிக்குள் மாட்டுக்காரர் பெயர், ஊர், அண்டாவா சைக்கிளா பீரோவா என்கிற பரிசு, பிடிக்க வருகிறவனுக்கு ஒரு சவால், பிடிபட்டதா இல்லையா என்கிற தீர்ப்பு, எல்லாம். 2017ல் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் கூடியபோது நம்மவர்கள் பண்பாடு, தொன்மம், திமில் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். மைக்காரனைப் பற்றி ஒரு பாரா எழுதியவர் யார்?

ஊட்டியில் நூறு வருஷத்துக்கு மேல் ஒரு தமிழ் ஊரின் தலைக்கு மேலே ஆங்கிலத்தில் குதிரைகள் ஓடின. தமிழில் ஓடவைக்க வேண்டும் என்று கிளப்புக்குத் தோன்றாதது இயற்கை. நமக்கும் தோன்றவில்லை என்பதற்குக் கிளப்பைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த தை மாதம் அலங்காநல்லூருக்குப் போகிற கவிஞர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் காமிராவை வீட்டில் வைத்துவிட்டு ஒலிப்பதிவுக் கருவியோடு போகட்டும். ஒரு மணி நேரத்துக்கு மைக்காரன் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுத்தில் இறக்கி, எங்கே மூச்சு விட்டான், எந்தத் தொடர் எத்தனை முறை திரும்பிற்று, எந்த இடத்தில் சுருதி ஏறிற்று என்று குறித்து இந்தப் பத்திரிகைக்கு அனுப்பட்டும். ஆசிரியர் பக்கம் ஒதுக்குவார் என்றே நினைக்கிறேன். கவிதைப் பகுதியிலா விமர்சனப் பகுதியிலா என்பதை அவரே தீர்மானித்துக்கொள்ளட்டும்.